குதிகால் வலியோடு செருப்புக் கடைக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நாற்பது வயது தாண்டிய பெண்கள்தான் அதிகம். மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அந்த வலி இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை. அதனால் கேள்வி என்னிடம்தான் வரும்: "என்ன கம்பெனி செருப்பு போடறீங்க டீச்சர்?"

கம்பெனி பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் என் காலுக்குப் பொருந்துவது கணக்கு டீச்சரின் காலுக்குப் பொருந்தாது. அவருடையது வளைவு உயர்ந்த ஒல்லிப் பாதம், என்னுடையது அகலமான தட்டைப் பாதம். ஒரே செருப்பு இரண்டு பேருக்கும் எப்படிச் சரிப்படும்? எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் எந்த விலையிலும் தேர்ந்தெடுக்கலாம். நான் டாக்டர் இல்லை, விலங்கியல் சொல்லித்தருகிறவள். எனக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தெரிந்ததும், பாடப் புத்தகத்தில் படித்ததும், கடை கடையாகத் தேடியதில் புரிந்ததும் சேர்ந்ததுதான் இது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று குத்தும். கொஞ்சம் நடந்ததும் தணியும். கடைசி பீரியடில் மறுபடி தலைகாட்டும். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் உள்ளங்காலின் நார்ப்பட்டையில் வரும் வலி. பிளாண்டார் ஃபேசியா என்று டாக்டர்கள் சொல்வது இந்தப் பட்டையைத்தான். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை போகிற இந்தப் பட்டை, பாதத்தின் 26 எலும்புகளும் வளைந்து நிற்பதற்குக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கிறது. நாள் முழுக்க நின்றால், எடை கூடினால், கெண்டைக்கால் தசை இறுகினால், பட்டை குதிகாலில் ஒட்டும் இடம் நைந்து வலிக்கிறது. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பு முள் தெரிந்ததும் பலர் ஆபரேஷன்தான் என்று பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது, அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் கால் மரத்துப்போகிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, ஒரு கால் மட்டும் வீங்குகிறது என்றால் செருப்புக் கடை அப்புறம், முதலில் டாக்டர்.

கடையில் "ஆர்த்தோ காட்டுங்க" என்று, அதாவது கால் வலிக்காரர்களுக்கென்று விற்கும் செருப்பைக் கேட்டால் பையன் முதலில் எடுத்துப் போடுவது மெத்தென்று அமுங்குகிற ஒன்றை. "போட்டுப் பாருங்கக்கா, பஞ்சு மாதிரி இருக்கும்" என்பான். உண்மைதான், கடைக்குள் நாலு அடி நடக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். அதையே போட்டுக்கொண்டு கரும்பலகை முன்னால் ஐந்து பீரியட் நின்று பாருங்கள். குதிகால் அந்த மெத்தைக்குள் அமிழ்ந்துபோகும், கணுக்கால் உள்பக்கம் சாயும், நார்ப்பட்டை இன்னும் இழுபடும். நின்று வேலை செய்கிறவர்களுக்குச் செருப்பு காலைத் தாங்க வேண்டும். மெத்தென்று இருப்பதெல்லாம் தாங்கிவிடாது. எல்லோரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தாங்குமா என்று காலில் போடும் முன்னாலேயே கையால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கையில் குதிகால் பக்கத்தையும் இன்னொரு கையில் விரல் பக்கத்தையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நம் கால் மடங்குவதும் அங்கேதான். நட்டநடுவில் இரண்டாக மடிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அப்புறம் ஈரத் துணியைப் பிழிவதற்குத் திருப்புவதுபோல் திருப்பிப் பாருங்கள். லேசாகத்தான் திரும்ப வேண்டும். கட்டைவிரலால் குதிகால் படும் இடத்தை அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி உடனே எழும்ப வேண்டும். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றால் அந்த ஃபோம் சீக்கிரமே தட்டையாகிவிடும். கடைசியாக, குதிகால் உட்காரும் இடம் குழிவாக, ஓரம் சற்று எழும்பி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குதிகாலின் அடியில் இயற்கையாக ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. வயதாக ஆக அது மெலிகிறது. குழிவான இடத்தில் குதிகால் உட்கார்ந்தால் அந்தக் கொழுப்பு பக்கவாட்டில் பரவாமல் எலும்புக்கு அடியிலேயே நிற்கும்.

நடுவில் இருக்கும் மேடு பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஆர்த்தோ செருப்பிலும் உள்பக்கம் ஒரு மேடு வைத்திருப்பார்கள். அது உங்கள் கால் வளைவின் கீழ்தான் வர வேண்டும். முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போனால் கூழாங்கல்லை மிதித்துக்கொண்டு நிற்கிற வேதனைதான் மிஞ்சும். உங்கள் கால் எந்த வகை என்று தெரிய, குளித்துவிட்டு ஈரக்காலோடு காய்ந்த சிமெண்டுத் தரையில் நின்று நகருங்கள். என் தடத்தில் பாதத்தின் உள் ஓரமும் முழுசாகப் பதியும். கணக்கு டீச்சருக்கு முன்பாதமும் குதிகாலும் பதிந்து, நடுவில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கும். என்னைப் போன்ற தட்டைப் பாதத்துக்கு மேடு ரொம்ப உயரமாக இருந்தால் குத்தும். மிதமான மேடும் கெட்டியான அடியும் போதும். வளைவு உயர்ந்த பாதம் அதிர்வைத் தாங்காது என்பதால் அவர்களுக்கு மெத்தை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

அளவு விஷயத்தில்தான் பெண்கள் அதிகம் சிரமப்படுகிறோம் என்று நினைக்கிறேன். கல்யாணத்தின்போது 5-ஆம் நம்பர் போட்டவர் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் 5 என்றே கேட்பார். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது வளைவு இறங்கிப் பாதம் சற்று நீளமாவது உண்டு, பலருக்கு அது பழையபடி ஆவதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அளந்துதான் வாங்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், நின்றபடி, இரண்டு காலையும் தாளில் வைத்துப் பென்சிலை நேராகப் பிடித்து வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் செருப்பு வாங்க வேண்டும். அந்தத் தாளைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனால் கடையில் செருப்பின் மேல் வைத்தே பார்த்துவிடலாம். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டுப் பார்க்கவே வேண்டாம். முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை அகலம். என் நாத்தனார் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். "வெளிநாட்டு ஆர்டருக்கு வர்ற லாஸ்ட்டப் பாத்திருக்கேன் அண்ணி, அதுல செஞ்சா நம்ம சுண்டுவிரல் வெளியிலதான் நிக்கும்" என்பார். லாஸ்ட் என்பது செருப்பையும் ஷூவையும் எந்த வடிவத்தின் மேல் வைத்துச் செய்கிறார்களோ அந்தக் கால் அச்சு. நம் ஊரில் இத்தனை காலமும் இங்கிலாந்து, ஐரோப்பிய அளவுகளை வைத்தே ஓட்டிவந்திருக்கிறோம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேற்கத்தியர்களின் பாதத்தைவிட அகலமானது என்று அதில் தெரிந்து, நமக்கென்றே 'பா' என்ற புது அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அகலம் போதாமல் நாம் ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடிப்போகிறது. குதிகால் குழியும் வளைவு மேடும் இடம் மாறிவிடுகின்றன, நாம் காசு கொடுத்து வாங்கியதே அந்த இரண்டுக்காகத்தான்.

அகலக்கால்காரர்கள் ஒன்று செய்யலாம். ஆண்கள் பிரிவில் 5, 6 நம்பர் சாண்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியக் கடைகளில் நம்பர் கணக்கு இருபாலருக்கும் பொதுவாக ஒன்றுதான், ஆண்கள் அச்சு கொஞ்சம் அகலம். பழுப்பு நிறத்தில் பட்டை வைத்த ஒன்றை நான் அப்படித்தான் எடுத்தேன். புடவைக்குக் கீழே எந்தப் பிரிவில் வாங்கியது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

மெட்டி போடுகிறவர்களுக்குக் கட்டைவிரல் இடுக்கில் வார் வரும் செருப்பு தொல்லைதான். வாரும் மெட்டியும் உரசி இரண்டாவது விரலின் பக்கத்தில் தோல் தடித்துப்போகும். அதைவிட முக்கியம், பின்பட்டை இல்லாத செருப்பு கழன்று விழாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்களைச் சுருக்கிப் பிடித்தே நடக்கிறோம். அந்தப் பிடிப்பில் உள்ளங்கால் ஓய்வதே இல்லை. குதிகால் வலிக்காரர்கள் முன்பாதத்தின் மேல் அகலமான பட்டையும் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டையும் உள்ளதாகப் பாருங்கள். பின்பட்டையின் உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்துத் தைத்திருந்தால் கொலுசு அழுந்தாது.

பட்டையை வெல்க்ரோவாக எடுப்பதா, பக்கிளாக எடுப்பதா? வீக்கம் கூடிக் குறைகிற காலுக்கும், குனிந்து பக்கிள் மாட்டச் சிரமப்படுகிறவர்களுக்கும் வெல்க்ரோதான் வசதி. ஆனால் ஒட்டியது போக மிச்சமாக நீட்டிக்கொண்டிருக்கும் சொரசொரப்பான முனை புடவை ஃபாலைப் பிடித்து இழுக்கும், பட்டுப் புடவை என்றால் நூலே பிரிந்துவரும். ஒட்டும் பகுதி முழுசாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்து எடுங்கள். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மிச்சத்தைக் கத்தரித்து ஓரம் தைத்துக் கொடுத்துவிடுவார்.

குதிகால் வலிக்குச் சுத்தமாகத் தட்டையான செருப்பே நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காகிதம்போல மெல்லிய அடி உள்ள ஃப்ளாட்ஸ் போட்டால் கெண்டைக்கால் தசையும் நார்ப்பட்டையும் சேர்ந்து இழுபடும். விரல் பக்கத்தைவிடக் குதிகால் பக்கம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்து, அடி அகலமாக இருந்தால் எனக்குச் சுகமாக இருக்கிறது. அதற்கு மேல் உயர்ந்தால் பாரம் முன்பாதத்துக்குப் போய்விடும். செருப்பு வாங்கப் போகும்போது தினமும் கட்டுகிற மாதிரியே புடவை கட்டிக்கொண்டு போங்கள். உயரம் அரை அங்குலம் குறைந்தாலும் கரை தரையில் புரளும், மாடிப்படி ஏறும்போது காலில் மாட்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். எவ்வளவு நல்ல செருப்பு வாங்கினாலும் அதை வாசலில் விட்டுவிட்டு, காலை ஐந்து மணியிலிருந்து கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் நாம் சமைக்கிறோம். பள்ளியில் நிற்கும் நேரத்துக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியே டைல்ஸ் மேல் விழுந்தால் அன்றைய வலி அங்கேயே தொடங்கிவிடும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வீட்டுச் செருப்பு இருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். என் மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுப்படியில செருப்பா?" என்றார். வாசல்படி தாண்டாத செருப்பு, வாராவாரம் சோப்புப் போட்டுக் கழுவுவேன், பூஜை அறைக்கு முன்னால் கழற்றிவிடுவேன் என்று விளக்கிச் சொன்னதும் சரி என்றார். முழங்கால் வலி உள்ள அவருக்கும் இப்போது ஒரு ஜோடி இருக்கிறது. வீட்டுச் செருப்புக்கு அடிப்பகுதி ரப்பராக, வரிவரியாகப் பள்ளம் வெட்டியதாக இருக்கட்டும். எண்ணெயும் தண்ணீரும் சிந்துகிற இடத்தில் வழவழப்பான அடி ஆபத்து.

செருப்பு மாற்றியதோடு வலி போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, எழுந்திருக்கும் முன்னால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, இவை எனக்குச் செருப்பு அளவுக்கே உதவின.

அம்மாவின் செருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலில் உணர்வு இருக்கிறதா என்று அறிய, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட பாதி இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றியபோது உள்ளே ஒரு புளியங்கொட்டை கிடந்தது. கட்டைவிரலுக்குக் கீழே அதன் வடிவத்திலேயே சிவந்து குழிந்திருந்தது. மார்க்கெட் போய்வந்த நேரம் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார், தெரியவே இல்லை.

இப்படி உணர்வு குறைந்த காலுக்கு நான் இதுவரை சொன்ன ஆர்த்தோ செருப்பு எதுவும் போதாது. அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர், பாதத்தின் பாரத்தை ஒரே இடத்தில் குவிய விடாமல் பரப்பிவிடும். இந்தச் செருப்புக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் ஆறாத புண் வருவதற்குக் காரணம் சதை அழுகுவது இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தில் ஊன்றி நடப்பதுதான் என்று கண்டு சொன்னவர். அவரும், வேலூரிலும் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் அவரோடு இருந்தவர்களும் எந்தச் செருப்பு போட்டால் புண் வராது என்று தேடியதிலிருந்துதான் இந்த ரப்பர் செருப்பு பரவியது. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் நோயாளிகளுக்கு இன்றும் இதை இலவசமாகத் தருகிறார்கள்.

எம்.சி.ஆர். வாங்கும்போது ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்ததாகக் கேளுங்கள். ஆணி மேலே கிளம்பினாலும் மரத்த காலுக்குத் தெரியாது. விரல் இடுக்கில் வார் வேண்டாம், பின்பட்டை கட்டாயம். உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர்., கீழே முள் ஏறாத கெட்டியான ரப்பர் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். தினமும் போடும் முன்னால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், எங்கள் வீட்டில் இது என் மகளின் வேலை. அடியெல்லாம் முள்முள்ளாகக் குமிழ் வைத்து, ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று விற்கிறார்களே, அந்த அக்குபிரஷர் செருப்பைச் சர்க்கரைக்காரர்களுக்கு யாரும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். உணர்வில்லாத காலில் அந்தக் குமிழ்களே புண்ணாக்கிவிடும்.

அந்தக் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே நோயாளி என்று ஜனங்கள் ஒதுங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. அதனால் வாங்கிக் கொடுத்தாலும் போடாமல் வீட்டிலேயே வைத்தவர்கள் உண்டு. அம்மாவுக்கும் மனசுக்குள் அந்தத் தயக்கம் இருந்தது. அளவெடுத்துச் செய்து தருபவரிடம் மெரூன் நிறத்தில் மேல்பட்டை வைக்க முடியுமா என்று கேட்டேன், தாராளமாக வைத்துக் கொடுத்தார். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார். உள்ளே கல்தரையில் தடித்த காலுறையோடு நடப்பார். வெயில் நேரத்தில் மட்டும் நாங்கள் கூட்டிப்போவதில்லை.

செருப்பின் ஆயுள் பற்றிக் கேட்கிறார்கள். வார் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மேஜை மேல் வைத்துக் கண் மட்டத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் அதன் வேலை முடிந்தது, உங்கள் கணுக்காலும் அதே பக்கம்தான் சாய்ந்துகொண்டிருக்கும். ஈ.வி.ஏ. என்கிற ஃபோம் அடி லேசாக இருக்கும், ஆனால் பாரமானவர்களுக்குச் சீக்கிரம் அமுங்கும். பி.யூ., அதாவது பாலியூரித்தேன் அடி நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே சிதையும். விசேஷத்துக்கு ஆகும் என்று பீரோவில் எடுத்துவைத்த செருப்பு இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போட்டதும் மண்டபத்திலேயே பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். வாங்கினால் போட்டுத் தேய்த்துவிடுங்கள், சேர்த்துவைக்காதீர்கள்.

ஆனால் முதல் நாளே பள்ளிக்கோ ஆபீஸுக்கோ போட்டுப் போய்விடவும் வேண்டாம். வளைவு மேடு புதிதாகத் தாங்கும்போது முதல் சில நாள் காலில் லேசான அசதி இருக்கும். வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சிவந்தாலோ, ஒரு வாரத்துக்குப் பிறகும் மேடு குத்தினாலோ அது உங்கள் காலுக்கான செருப்பு இல்லை. அதுவரை பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். அடியில் மண் படாமல் இருந்தால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள்.